கடலுக்குள் ஒரு வேலி

எங்கள் பகுதியில் ஒருவன் குடும்பத்தோடு கடலுக்குப் போகிறான் என்றால் அதற்கு முன் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போவோம், சாம்பலைக் கரைப்போம், முழுகுவோம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீடு திரும்புவோம். ஆடி அமாவாசைக்குப் போவதும் செத்துப்போன தகப்பனுக்காகத்தான். உயிரோடிருக்கிறவர்கள் சும்மா கடலைப் பார்த்துவிட்டு வருவது என்ற விசர் வேலை, என் பெண்சாதியின் தமையனார் மலாயாவிலிருந்து பென்ஷனோடு வந்து இறங்கும் வரைக்கும் கோப்பாயில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அன்று விடிய எங்கள் படலையடியில் கூடார வண்டி வந்து நின்றதும், அடுத்த வளவுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ஆற்றை அந்தியேட்டி?"

"ஒருத்தரும் சாகேல்லை. சும்மா கடல் பாக்கப் போறம்."

"ஒருத்தரும் சாகாமலோ?" அவர் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "அப்ப கவனமாப் போட்டு வாருங்கோ. போகேக்கை சரி, வரேக்கை கணக்குப் பிழைச்சாலும் பிழைக்கும்."

அந்தத் தலையை நான் வேலிக்கு மேலாலேயே தட்டி உள்ளே தள்ளியிருக்க வேண்டும்.

என் மைத்துனரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருஷம் மலாயா ரெயில்வேயில் கிளாக்கர். வெள்ளைக் காற்சட்டை, வெய்யில் தொப்பி, நெற்றியில் மூன்று குறி விபூதி. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். அப்போது மலாயா என்றால் எங்களுக்குத் தேவலோகத்துக்கு அடுத்த ஸ்டேஷன். இங்கே இடித்துப் பெய்கிற மழையைப் பார்த்து, "உது மழையோ?" என்பார். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கொட்டை வெளுக்கும் வரை சூப்பிவிட்டு, "உது பழமோ?" என்பார். அவருக்கு இங்கே பிடித்தது ஒன்றுதான், அது நான். ஏனென்றால் அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேறு ஆள் கிடையாது.

கடலுக்குப் போகிற யோசனையும் அவருடையதுதான். எங்கள் மகளைப் பார்த்து, "பிள்ளை வெளிறிப்போய்க் கிடக்கு. கடற்காத்துப் படவேணும்," என்று தொடங்கினார்.

மகளுக்கு அப்போது நாலு வயசு. கலியாணம் முடித்து ஒன்பதாம் வருஷம், ஊரிலுள்ள கோயில்கள் எல்லாவற்றுக்கும் நேர்த்தி வைத்துப் பிறந்த ஒரே பிள்ளை. முந்திய மாரியில் நடுக்கி எடுக்கிற குலைப்பன் காய்ச்சல் வந்து, மூன்று கிழமை பாயோடு கிடந்து, எழும்பினாள். அதற்குப் பிறகு என் பெண்சாதி அந்தப் பிள்ளையின் காலை ஈரத்தில் வைக்க விட்டதில்லை. முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்றால் தூக்கிக்கொண்டுதான் கடப்பாள். கிணற்றடிக்குப் போனால் கல்லின் மேல் இருத்திவிட்டுத்தான் வாளியைத் தொடுவாள். பிள்ளையும் தன் கால் சீனியால் செய்தது என்று நம்பிக்கொண்டிருந்தது.

"போவம்," என்று கடைசியில் பெண்சாதி சம்மதித்தாள். "ஆனா பிள்ளையின்ரை கால் நனையக்கூடாது. அதுக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஏதும் எண்டால் முதல்லை பிள்ளையைத் தூக்குங்கோ. மற்றதெல்லாம் எக்கேடும் கெட்டுப் போகட்டும்."

"ஓம்."

"உந்த ஓம் காணாது. சத்தியம் பண்ணுங்கோ."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு நேரே கையை நீட்டிச் சத்தியம் பண்ணினேன். அந்தக் கையைத்தான் பிறகு பார்க்கப் போகிறீர்கள்.

வெய்யில் ஏறத் தொடங்கும் நேரத்தில் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மீன்பிடிக்கிற ஆட்களின் சின்னக் கிராமம். பத்துப் பதினைந்து கொட்டில், மணலில் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், கயிற்றில் காய்கிற வலை. அமைதியான கரை, அலை கிடையாது, குஞ்சு குருமனோடு போகலாம் என்று மைத்துனர் யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். அலை மட்டுமா இல்லை? கடலே இல்லை. மூன்று மணித்தியாலம் வண்டிக்குள் குலுங்கி, இடுப்பெலும்பு இடம் மாறி வந்து பார்த்தால், கடல் வீட்டில் இல்லை. எங்கோ வெளிக்கிட்டுப் போயிருந்தது. கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஈரமணல். அதற்கப்பால், கோர்ட்டில் வாசற்படிக்கு வெளியே நிற்கிற வழக்காளி மாதிரி ஒரு கோடு தண்ணீர்.

"உது கடலோ?" என்றார் மைத்துனர். முதல் தடவையாக அவர் கேட்டது எனக்கும் நியாயமாகப் பட்டது.

அப்போதுதான் வேலியைக் கண்டேன்.

ஈரமணலில், கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் தள்ளி, வரிசையாகக் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு ஈர்க்குத் தட்டி வைத்துக் கட்டிய அருமையான வேலி. நெஞ்சளவு உயரம். நேரே போய், பிறகு வட்டமாக வளைந்து ஒரு வளவை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு பக்கத்தில் படலை வைப்பதற்குப் போல இடைவெளி.

என் தொழிலையும் இங்கே சொல்ல வேண்டும். நான் ஒரு நொத்தாரிசிடம் எழுத்து வேலை செய்கிறவன். இருபது வருஷமாகக் காணி உறுதி எழுதிய கை இது. கிழக்கெல்லை இன்னார் காணி, மேற்கெல்லை ஒழுங்கை, வடக்கெல்லை இன்னார் பெண்சாதிக்குச் சீதனமாகக் கொடுத்த காணி. எங்கள் பகுதியில் வேலி என்றால் விளையாட்டல்ல. வேலிக் கதியால் கம்பு ஒரு முழம் நகர்ந்தால் அண்ணனும் தம்பியும் செத்த வீட்டுக்கும் போகாமல் விடுவார்கள். ஆகவே வேலியைக் கண்டதும் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் விட்டிருந்தால் எவ்வளவோ நல்லது. வேலி இருந்தால் காணி இருக்க வேண்டும். காணி இருந்தால் சொந்தக்காரன் இருக்க வேண்டும். சொந்தக்காரன் உள்ள காணிக்குள் தண்ணீர் வராது. வந்தால் அவன் வேலி அடைப்பானா?

"உதுக்குள்ளை இருப்பம்," என்றேன். "நாலு பக்கமும் அடைப்பு. நாயும் வராது. பிள்ளையும் வெளியிலை ஓடாது."

பெண்சாதி வேலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கடலுக்குள்ளை ஆர் வேலி அடைக்கிறது?"

"அடைச்சிருக்கெல்லோ? கண் தெரியேல்லையோ?"

கரையில் பாயில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மனுஷி எங்களைக் கண்டுவிட்டுக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"ஐயா! உதுக்குள்ளை இராதையுங்கோ. பெருக்கு வாற நேரம். தண்ணி ஏறும்."

ஒரு மீன்காரி எனக்கு எல்லை சொல்லித் தருவதா? "ஆற்றை காணி இது?" என்று திருப்பிக் கேட்டேன்.

"காணியோ?" அவள் முழிசிப் பார்த்தாள். "உது கடல் ஐயா."

"கடலுக்கு வேலி ஏன்? உறுதி ஆரிட்டை இருக்கு?"

"உறுதியோ? கொஞ்சம் பொறுங்கோ, கடல் இப்ப வரும். அதிட்டையே கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் மீனைப் புரட்டப் போய்விட்டாள். முதுகு குலுங்கியது. இருமுகிறாள் என்று நினைத்தேன்.

படலை வாசலால் உள்ளே நுழைந்தோம். பாய் விரித்தோம். பனையோலைக் கடகப்பெட்டியில் கொண்டுவந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சம்பலும் வெளியே வந்தன. மைத்துனர் மூன்று பேருக்குரியதைச் சாப்பிட்டுவிட்டு, "உது புட்டோ?" என்றார். பிள்ளை பாயின் நடுவில், காலைச் சுற்றித் துவாய் போர்த்து, சாமிப் படம் மாதிரி இருத்தப்பட்டிருந்தது. பெண்சாதி ஈர்க்குத் தட்டியில் சாய்ந்துகொண்டு தூரத்துத் தண்ணீர்க் கோட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய முகம் அப்படி ஓய்ந்திருந்ததை அந்த மாரிக்குப் பிறகு நான் கண்டதில்லை. இதையெல்லாம் ஏற்பாடு செய்த புத்திசாலி நான் என்ற திருப்தியில், தலைக்குக் கையை வைத்துச் சரிந்தேன். மைத்துனர் தொப்பியை மணலில் வைத்துவிட்டு, காலாற நடந்து வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

நான் கண்ணயர்ந்திருக்க வேண்டும். முதுகு குளிர்ந்தது. பிள்ளைதான் ஏதோ செய்துவிட்டது என்று நினைத்தேன். தகப்பன் புத்தி அவ்வளவுதான். கண்ணைத் திறந்தேன். என் மூக்குக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், மைத்துனரின் வெய்யில் தொப்பி தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. தொப்பி மட்டும். அதற்குக் கீழே இருக்க வேண்டிய மைத்துனரைக் காணவில்லை.

மனுஷனாகப் பிறந்தவன் இந்த இடத்தில் எழும்பி நின்று சுற்றிப் பார்ப்பான். அப்படிப் பார்த்திருந்தால், தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்பதையும், மைத்துனர் கரையில் ஒரு வள்ளத்தின் மறைவில் காற்சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததையும் கண்டிருக்கலாம். நான் எழும்பவில்லை. இருந்தபடியே குளறினேன்.

"ஐயோ, மச்சான் போட்டார்! மச்சானைக் கடல் கொண்டு போட்டுது!"

பெண்சாதி என்னவோ சொன்னாள். "சும்மா கத்தாதையுங்கோ" என்று சொன்னதாகப் பிறகு சொன்னாள். என் காதுக்குள் கீரிமலை ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கிவிட்டார். அடுத்த வளவுக்காரரின் தலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கணக்குப் பிழைச்சுப் போச்சோ என்று கேட்டது. முதலில் பிள்ளையைத் தூக்க வேண்டும். அது மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. குனிந்தேன், இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்தேன், ஓடினேன்.

ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு. படலையைக் காணவில்லை. வந்த வழியால் போவோம் என்று போனால் வேலி. இடப்பக்கம் திரும்பினால் வேலி. வலப்பக்கமும் வேலி. அந்த வேலியை அடைத்தவன் யாரோ, உள்ளே வந்தது திரும்பி வெளியே போகக்கூடாது என்று தீர்மானித்து, வாசலை உள்ளே கூம்பிப்போகும்படி வைத்து அடைத்திருக்கிறான். ஒரு தரம் சுற்றினேன், இரண்டாம் தரமும் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் என்னோடு கூட ஒரு மீனும் சுற்றியது. அது என்னைவிட நிதானமாக இருந்தது.

பிறகு செய்ததை எழுதக் கை கூசுகிறது. இருபது வருஷமாக அடுத்தவன் வேலியைப் பிரிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று கட்சிக்காரருக்கெல்லாம் போதித்தவன், தோளால் இடித்து, காலால் உதைத்து, இரண்டு தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன். முழங்காலளவுகூட இல்லாத தண்ணீரில் ஒரு தரம் முழுகினேன். அதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். உப்புத் தண்ணீர் குடித்தேன். ஆனால் நெஞ்சோடு அணைத்ததை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன், விடவில்லை. கரைக்கு வந்து காய்ந்த மணலில் முழங்காலில் விழுந்தேன்.

"பிள்ளை தப்பிட்டுது," என்றேன். "பிள்ளை தப்பிட்டுது!"

மீன்காரி வந்து எட்டிப் பார்த்தாள். "எந்தப் பிள்ளை ஐயா?"

கீழே பார்த்தேன். கடகம்.

புட்டு ஒரு பிடிகூடச் சிந்தவில்லை. சம்பல் போத்தல் மூடியோடு பத்திரமாக இருந்தது.

திரும்பிக் கடலைப் பார்த்தேன். அந்த ஒரு கணம் மட்டும் பகிடி இல்லை. இப்போதும் சில வேளை சாப்பாட்டுக்கு இருக்கும்போது அந்தக் கணம் வந்தால் கையை உதறிவிட்டு எழும்பிவிடுவேன்.

பெண்சாதி வந்துகொண்டிருந்தாள். பிள்ளை இடுப்பில். மற்றக் கையில் சுருட்டிய பாய், அதன் மேல் அண்ணரின் தொப்பி. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தாள். மீன் நுழைகிற வாசலால் நிதானமாக வெளியே வந்து, சந்தைக்குப் போய் வருகிறவள் மாதிரி நடந்து வந்தாள். தண்ணீர் அவளுக்கு முழங்காலுக்கும் எட்டவில்லை.

கரையேறினாள். கடகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது.

எனக்கு விக்கல் பிடித்துவிட்டது. மீன்காரி உள்ளே போய் ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வண்டியில் வரும்போது, அந்த ஆட்களின் கிணற்றில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று பெண்சாதிக்கு நான் ஒரு பிரசங்கமே செய்திருந்தேன். இப்போது யாருடைய கிணறு என்று கேட்கவில்லை. வேலிக்கு உறுதி கேட்டவன், சிரட்டையை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு சிரட்டைக்குக் கை நீட்டினேன். நல்ல தண்ணீர். எங்கள் கிணற்றைவிட நல்லது.

மைத்துனர் வள்ளத்தின் பின்னாலிருந்து வந்தார். "என்ன சத்தம்? ஆர் செத்தது?"

"நீர்தான்," என்றேன்.

"மலாயாவிலை கடல் இப்பிடி ஒளிச்சு நிண்டு வராது," என்றார் அவர், தொப்பியைப் பிழிந்துகொண்டு.

இதற்கிடையில் வேலிக்காரன் வந்துவிட்டான். மீன்காரியின் புருஷன், என் வயசுதான் இருக்கும், ஆனால் மார்பு என்னுடையதைப் போல இரண்டு. பிய்ந்த தட்டி தண்ணீரில் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"களங்கட்டியைப் பிரிச்சது ஆர்?"

கடலில் மீனுக்கு அடைக்கிற வேலிக்கு அதுதான் பேர் என்று அன்று தெரிந்துகொண்டேன். கடல் வற்றுகிற நேரம் வெறும் வேலி. பெருக்கோடு மீன் உள்ளே வரும். அடுத்த வற்றில் வெளியே போக வழி தெரியாமல் சுற்றும். சுற்றுவது எப்படி என்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"இந்த ஐயாதான்," என்றாள் மீன்காரி. "உறுதி கேட்டவர். உறுதி இல்லையெண்டு சொன்ன உடனை பிரிச்சுப்போட்டார்."

நான் எழும்பி நின்றேன். வக்கீல் பாஷை ஒன்றும் வாயில் வரவில்லை. "தெரியாமல் செய்துபோட்டன்," என்றேன்.

"உங்கடை ஊரிலை வேலியைப் பிரிச்சால் என்ன செய்யிறது ஐயா?"

"பிரிச்சவன் கட்டிக் குடுக்க வேணும்."

"அப்ப வாருங்கோ. பெருக்கு முட்ட முந்திக் கட்ட வேணும். இல்லையெண்டால் இண்டைக்கு எங்களுக்கு மீன் இல்லை."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவன் கம்பைப் பிடிக்க, நான் தட்டியை வைத்துக் கயிற்றால் வரிந்தேன். வேலி கட்டத் தெரியாத ஆண்பிள்ளை கோப்பாயில் இல்லை. இதிலாவது மானத்தைக் காப்பாற்றுவோம் என்று இறுக்கி, அழகாக, முழத்துக்கு ஒரு கட்டுப் போட்டேன். அவன் குனிந்து பார்த்தான்.

"உது மாடு பூராமல் கட்டுற கட்டு ஐயா. மீனுக்கு உது காணாது. உதுக்குள்ளாலை என்ரை கலியாண ஊர்வலமே போகும்."

அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்ட வைத்தான். விரலுக்கு ஒரு கட்டு. தண்ணீர் தொடைக்கு ஏறும் வரை நின்று கட்டினேன். கரையில் மைத்துனர் தொப்பியைக் காயப் போட்டுவிட்டு, கட்டு எப்படிப் போட வேண்டும் என்று மலாயா முறைப்படி சொல்லித் தந்துகொண்டிருந்தார்.

நடுவில் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததும் கையில் இருந்த கயிறு நழுவியது.

பெண்சாதி கரையோரத் தண்ணீரில் நின்றாள். இடுப்பில் பிள்ளை இல்லை. பிள்ளை கீழே நின்றது. தண்ணீருக்குள். இரண்டு காலும் தண்ணீருக்குள். ஒரு கையை மீன்காரி பிடித்திருந்தாள், மற்றக் கையைத் தாய் பிடித்திருந்தாள். சின்ன அலை ஒன்று வந்து முழங்காலைத் தொட, பிள்ளை காலை மாற்றி மாற்றித் தூக்கி, கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டுச் சிரித்தது. சீனிக் கால் கரையவில்லை.

"என்னப்பா செய்யிறாய்?" என்று அங்கிருந்தே கத்தினேன். "பிள்ளையின்ரை கால் நனையக்கூடாது எண்டெல்லோ சொன்னனீ?"

கரையேறிய பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. உரத்துச் சொன்னாள், வேலிக்காரனுக்கும், மீன்காரிக்கும், மைத்துனருக்கும், தூரத்தில் மாட்டுக்குப் புல்லுப் போட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரனுக்கும் கேட்கும்படி.

"நனையட்டும். உவள் இனித் தன்ரை காலாலை ஓடப் பழக வேணும். தூக்கிக்கொண்டு ஓட இருக்கிற மனுஷன் கடகத்தையெல்லோ தூக்குவார்."

வேலிக்காரன் கம்பைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கம்பு நடுங்கியது. நான் குனிந்து, நழுவின கயிற்றைத் தேடி எடுத்து, விரலுக்கு ஒரு கட்டாகத் தொடர்ந்து கட்டினேன்.